பல்லோடு ஒட்டிக்கொள்ளும் அடைப்பு: பல் நிற ஃபில்லிங் எப்படி வேலை செய்கிறது?

கடைவாய்ப் பல்லின் குழியில் ஒரு கறுப்புப் புள்ளி. வலி ஒன்றும் இல்லை. ஆனால் நாக்கு சும்மா இருக்காமல் அந்த இடத்தையே தடவித் தடவிப் பார்க்கிறது. ஒருநாள் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்கிறது. பல் டாக்டரிடம் போனால், "சொத்தை விழுந்திருக்கு, அடைச்சிடலாம். பல் கலர்லயே வச்சிடலாம்" என்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு நாற்காலியில் சாய்கிறோம். அதற்கப்புறம் வாய்க்குள் என்ன நடந்தது என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

எனக்கு இதுவரை நான்கு பல் நிற அடைப்புகள் வைத்திருக்கிறார்கள். முதலாவது இரண்டே மாதத்தில் பெயர்ந்து வந்துவிட்டது. அதை வைத்த அன்று, பாதி வேலையில் எனக்கு இருமல் வந்து வாயை மூடிவிட்டேன். எச்சில் உள்ளே ஓடியது. பஞ்சால் ஒற்றிவிட்டு அப்படியே வேலையைத் தொடர்ந்தார்கள். அன்று அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. இந்த அடைப்பு எப்படிப் பல்லில் நிற்கிறது என்று படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகுதான், அந்த ஒரு வாய் எச்சில் என்ன செய்திருக்கும் என்று புரிந்தது.

'அடைப்பு' என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பிவிடுகிறது. சுவரில் ஓட்டை விழுந்தால் சிமெண்ட் குழைத்துப் பூசுவதுபோல என்று நினைத்துக்கொள்கிறோம். 'பல்லுக்கு சிமெண்ட் வச்சேன்' என்றே பலர் சொல்வார்கள். ஆனால் பல் நிறப் பொருளைப் பல்லில் நிறுத்துவது திணிப்பு இல்லை, ஒட்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், டாக்டர் ஏன் வாயை இவ்வளவு காயவைக்கிறார், ஏன் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறார், அந்த நீல விளக்கு எதற்கு, ஏன் சொத்தை சின்னதாக இருக்கும்போதே வரச் சொல்கிறார் எல்லாமே தானாக விளங்கும்.

பூச்சி எங்கேயும் இல்லை

சொத்தைப் பல்லை நாம் 'பூச்சிப் பல்' என்கிறோம். பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை உலகில் பல நாகரிகங்களில் இருந்திருக்கிறது. பல்லில் புழுவைத் தேடியும் காணவில்லை என்று 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் எழுதினார். உண்மையான காரணத்தை 1890 வாக்கில் வில்லபி மில்லர் என்பவர் விளக்கினார்: வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது.

பல்லின் மேலோடான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். ஆனால் அமிலத்துக்கு முன்னால் அந்தக் கடினம் செல்லாது. பல்லை ஒட்டியுள்ள பாக்டீரியாப் படலத்தின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறத் தொடங்கும். இனிப்பாக எதையாவது வாயில் போட்ட சில நிமிடங்களில் இது நடந்துவிடுகிறது. பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, போன கனிமத்தில் கொஞ்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதற்கு அரைமணி, சில சமயம் ஒரு மணி நேரமும் ஆகலாம். நாள் முழுக்க இந்த இழுபறி நடந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு சர்க்கரை சாப்பிட்டோம் என்பதைவிட, எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பது இங்கே பெரிதாகிறது. அடிக்கடி கொறிப்பவரின் உமிழ்நீருக்கு மூச்சுவிட நேரமே கிடைப்பதில்லை.

இழப்பு மிஞ்சினால், முதலில் எனாமலில் சுண்ணாம்பு பட்டதுபோல மங்கலான வெள்ளைத் தடம் தெரியும். இந்தக் கட்டத்தில் ஓட்டை இல்லை. ஃபுளோரைடு உள்ள பற்பசை, டாக்டர் பூசும் ஃபுளோரைடு, உணவுப் பழக்கத்தில் மாற்றம் இவற்றாலேயே அதை நிறுத்திவிடலாம், அடைப்பு வேண்டியதில்லை. மேற்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால் கதை வேறு. எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைத்து வெளியே வந்ததுமே மறைந்துவிடுகின்றன. உடைந்த எலும்பு கூடும், கிழிந்த தோல் ஆறும். விழுந்த பல் குழி மட்டும் தானாக ஒருபோதும் மூடாது.

எனாமலுக்கு அடியில் இருப்பது டென்டின். அதில் கனிமம் குறைவு, மிச்சமெல்லாம் கொலாஜன் என்ற புரதமும் நீரும். அதனால் அரிப்பு எனாமலைத் தாண்டி டென்டினைத் தொட்டதும் பக்கவாட்டிலும் பரவத் தொடங்குகிறது. வெளியே குண்டூசித் தலை அளவு புள்ளி, உள்ளே சிறு அறை அளவு பள்ளம் என்று பலருக்கு ஆவது இப்படித்தான். எனாமலில் நரம்பு இல்லை என்பதால் அதுவரை வலியும் இருக்காது. 'வலிக்கவே இல்லையே, எதுக்கு அடைக்கணும்?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: வலி வரும்போது சொத்தை ஏற்கெனவே வெகுதூரம் போயிருக்கும்.

வெள்ளி அடைப்பு எப்படி நின்றது?

பழைய தலைமுறையினர் வாயில் பளபளப்பாகவோ கறுத்தோ தெரியும் அடைப்பு அமால்கம். எடையில் பாதியளவு பாதரசமும், வெள்ளி, தகரம், செம்புத் தூளும் கலந்த கலவை அது. நூறாண்டுக்கு மேலாக நன்றாகவே உழைத்தது. ஆனால் அது பல்லோடு ஒட்டாது. அதைப் பிடித்து நிறுத்த, வாய் குறுகி அடி அகன்ற பானைபோலப் பல்லைக் குடைய வேண்டியிருந்தது. மெல்லியதாக வைத்தால் உடையும் என்பதால் ஆழமும் தேவைப்பட்டது. ஆக, சொத்தையோடு சேர்த்து நல்ல பல்லும் போயிற்று.

பாதரசம் சுற்றுச்சூழலில் கலப்பதைக் குறைக்க 2013இல் மினமாட்டா ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அதன் பின் அமால்கம் பயன்பாடு பல நாடுகளில் சுருங்கி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவ ரீதியாக மிக அவசியமான சில நிலைகள் தவிர, அதை நிறுத்திவிட்டது. வாயில் ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கும் வெள்ளி அடைப்பைப் பயந்துகொண்டு பிடுங்க வேண்டுமா என்றால், வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் வெளியிட்ட அறிவுரையும் அதுவே. எடுக்கும்போதுதான் பாதரச ஆவி தற்காலிகமாகக் கூடும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும். அதே அறிவுரை, கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது.

ஒரு சொட்டு அமிலத்தில் தொடங்கிய மாற்றம்

பல்லில் எதையாவது ஒட்டவைக்க முடியுமா என்பது வெகுகாலம் தீராத கேள்வி. பல் ஈரமானது, வழுவழுப்பானது. 1955இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒரு வழி கண்டார். தொழிற்சாலைகளில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க உலோகத்தின் மேல் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைப் பார்த்து, அதையே எனாமலில் செய்துபார்த்தார். அரை நிமிடம் அமிலம் பட்ட எனாமலில் பிசின் பல மடங்கு உறுதியாகப் பிடித்துக்கொண்டது. சொத்தையை உண்டாக்குவதும் அமிலம், அதைச் சரிசெய்ய வழி திறந்ததும் அமிலம். ஒன்று கட்டுப்பாடில்லாமல் மாதக்கணக்கில் அரிப்பது, மற்றது விநாடிகளை எண்ணி, அளந்து வைப்பது.

சில ஆண்டுகளில் ரஃபேல் போவன் என்பவர் பிஸ்-ஜி.எம்.ஏ. என்ற பிசினை உருவாக்கி 1962இல் காப்புரிமை பெற்றார். அந்தப் பிசினில் கண்ணாடி, சிலிக்கா ஆகியவற்றின் மிக நுண்ணிய துகள்களைக் கலந்தால் கிடைப்பதுதான் காம்போசிட். இன்றைக்கும் பெரும்பாலான பல் நிற அடைப்புகளுக்கு அடிப்படை இந்தச் சேர்க்கையே. எடையில் முக்கால் பங்கு அளவுக்குத் துகள், மீதி பிசின். கடிக்கும் அழுத்தத்தையும் தேய்மானத்தையும் தாங்குவது துகள், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது பிசின். பிசினும் கண்ணாடியும் இயல்பாகச் சேராது என்பதால் துகள்களுக்கு சிலேன் என்ற இணைப்புப் பொருளைப் பூசுகிறார்கள். ஆக, பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவில் மட்டும் இல்லை, அடைப்புக்கு உள்ளேயும் ஒட்டுவேலைதான்.

நாற்காலியில் என்ன நடக்கிறது

முதலில் எக்ஸ்ரே. இரண்டு பற்கள் உரசும் இடுக்கில் உள்ள சொத்தை கண்ணுக்குத் தெரியாது, படத்தில்தான் தெரியும். ஆழம் எவ்வளவு, நரம்பும் ரத்தக்குழாய்களும் உள்ள பல்கூழுக்கு எவ்வளவு அருகில் போயிருக்கிறது என்பதும் அதில் ஓரளவு விளங்கும்.

அடுத்தது நிறம். நகச்சாய அட்டைபோலப் பல் நிற மாதிரிகள் கோத்த ஒரு பட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பரவலாகப் புழங்கும் பட்டையில் 16 நிறங்கள் இருக்கும். ஏ1, ஏ2, பி1 என்று பெயர். இதை வேலை தொடங்குமுன்பே செய்ய வேண்டும். வாய் திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தாலே பல் உலர்ந்து, இயல்பைவிட வெளுத்துத் தெரியும். அப்போது நிறம் பார்த்தால் அடைப்பு மறுநாள் தனியாகப் பளிச்சென்று நிற்கும். முன்பல்லில் அடைப்பு வைக்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பல்லை வெளுப்பாக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். வெளுப்பாக்கும் மருந்து பல்லின் நிறத்தைத்தான் மாற்றும், அடைப்பின் நிறத்தை மாற்றாது. வெளுப்பாக்கிய பிறகும் உடனே அடைப்பு வைக்கக் கூடாது. பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பிசின் இறுகுவதைக் கெடுக்கும் என்பதால் இரண்டு வாரம்போல விடுவது வழக்கம்.

மரத்துப்போக ஊசி. மேலோட்டமான சொத்தைக்குச் சில நேரம் அதுகூடத் தேவைப்படாது.

பிறகு பல்லைத் தனிமைப்படுத்துவார்கள். மெல்லிய ரப்பர் விரிப்பில் துளையிட்டு, வேலை செய்யும் பல்லை மட்டும் அதன் வழியே வெளியே எடுத்துக் கவ்வி மாட்டுவார்கள். இதற்கு ரப்பர் டேம் என்று பெயர், 1864 முதலே உள்ள உத்தி. பலருக்கு இது மூச்சுமுட்டுவதுபோலத் தோன்றும். மூக்கால் சுவாசித்தால் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். எல்லாப் பல்லுக்கும் இதை மாட்ட முடியாது. அங்கே பஞ்சுருளையும் எச்சில் உறிஞ்சும் குழாயும் கவனமான உதவியாளரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்ய வேண்டும். என் முதல் அடைப்புக்கு விரிப்பும் இல்லை, கவனமும் இல்லை. இரண்டாம் முறை வேறு இடத்தில் விரிப்பு மாட்டினார்கள். எட்டு வருடமாகிறது, அந்த அடைப்பு அசையவில்லை.

இப்போது சொத்தையை நீக்கும் வேலை. வேகமாகச் சுழலும் முனையால் எனாமலைத் திறந்து, உள்ளே மிருதுவாகிப்போன டென்டினை மெதுவாகச் சுரண்டி எடுக்கிறார்கள். முன்பெல்லாம் நிறம் மாறிய கடைசித் துணுக்கு வரை எடுக்க வேண்டும் என்றே கற்பித்தார்கள். இன்றைய அணுகுமுறை வேறு. ஓரங்களை முழுச் சுத்தமாக்க வேண்டும், ஏனென்றால் ஒட்டு பிடிக்க வேண்டியது அங்கேதான். ஆனால் ஆழத்தில், பல்கூழுக்கு மிக அருகில், சற்றே மிருதுவான டென்டினை விட்டுவைத்து மேலே இறுக்கமாக மூடிவிடலாம். உணவு கிடைக்காத பாக்டீரியா முடங்கிப்போகும், பல்கூழ் பிழைக்கும். 'டாக்டர் முழுசா எடுக்கவில்லையோ' என்று சந்தேகப்படும் இடங்களில் சில, உண்மையில் பல்லைக் காப்பாற்றிய இடங்கள்.

சொத்தை பல்லின் பக்கச் சுவரையும் தின்றிருந்தால், பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டையை நிறுத்தி இடுக்கில் ஒரு சிறு ஆப்பு செருகுவார்கள். தற்காலிகச் சுவர் அது. பக்கத்துப் பல்லோடு சரியாக உரசும்படி அடைப்பு அமைவது இதைப் பொறுத்தது. அங்கே இடைவெளி விட்டுப்போனால் ஒவ்வொரு வேளையும் உணவு சிக்கிக்கொண்டு ஈறு வீங்கும்.

அடுத்ததைக் கைக்கண்ணாடி கேட்டு வாங்கி என் கண்ணாலேயே பார்த்தேன். ஊசிக்குழாயிலிருந்து நீல நிறக் கூழ் ஒன்றைக் குழியின் ஓரமெல்லாம் வைத்தார்கள். பாஸ்பாரிக் அமிலம், 37 விழுக்காடு அளவில். பதினைந்து விநாடிபோல விட்டு, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காற்றடித்தார்கள். அதுவரை கண்ணாடிபோல மின்னிய எனாமல் ஓரம், மினுமினுப்பெல்லாம் போய், கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ்போல வெள்ளையாக நின்றது. அந்த மங்கல் வெள்ளைதான் முழு வேலைக்கும் அஸ்திவாரம். எனாமலின் படிகங்களுக்கு இடையே மைக்ரான் அளவில் லட்சக்கணக்கான குழிகள் திறந்திருக்கின்றன. மேலே தடவும் நீர்த்த பிசின் அந்தக் குழிகளில் எல்லாம் இறங்கி, உள்ளேயே இறுகி, வேர்விட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குழிகளில் எச்சில் புகுந்தால் அதிலுள்ள புரதங்கள் ஒரு நொடியில் படிந்து வாயிலை அடைத்துவிடும். பிசினுக்கு இறங்க இடமிருக்காது. வெறும் பஞ்சால் துடைத்தால் அது போகாது, மறுபடி அமிலம் வைத்துக் கழுவ வேண்டும். என் இருமலின் விலை அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

டென்டினில் ஒட்டுவது இதைவிட நுட்பமான வேலை. அங்கே ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம் நுண்குழாய்கள் பல்கூழை நோக்கி ஓடுகின்றன. அவற்றுள் திரவம் இருக்கிறது. அமிலம் பட்டதும் கனிமம் கரைந்து, கொலாஜன் இழைகள் மட்டும் வலைபோல நிற்கும். அந்த வலைக்குள் பிசின் ஊடுருவ வேண்டும். அளவுக்கு மீறிக் காயவைத்தால் வலை சரிந்து படுத்துவிடும், ஈரம் மிஞ்சினால் பிசின் நீர்த்துப்போகும். லேசான ஈரப்பளபளப்போடு விட வேண்டும். பிசினும் கொலாஜனும் பின்னிக்கொண்ட இந்தக் கலப்புப் படலத்தை 1982இல் ஜப்பானின் நாகாபயாஷி குழுவினர் விவரித்தார்கள். டென்டினிலும் நம்பி ஒட்டலாம் என்ற துணிவு அதன் பிறகு வளர்ந்தது. இப்போது வரும் பல ஒட்டுதிரவங்களில் மிதமான அமிலமும் பிசினும் ஒரே குப்பியில் இருக்கின்றன. எனாமல் ஓரத்துக்கு மட்டும் தனியாக நீலக் கூழ் வைத்துவிட்டு, டென்டினுக்கு இந்தத் திரவத்தையே நம்புகிறவர்கள் அதிகம்.

நீல விளக்கும் மெல்லிய அடுக்குகளும்

காம்போசிட் குழாயிலிருந்து வரும்போது பிசைந்த மாவுபோல இருக்கும். அதில் கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் கொஞ்சம் கலந்திருக்கிறது. சுமார் 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும் அது தூண்டப்பட்டு, பிசின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கத் தொடங்கும். பத்து, இருபது விநாடியில் மாவு கல்லாகிறது. டாக்டரும் உதவியாளரும் ஆரஞ்சு நிறத் தடுப்பு வழியாகப் பார்ப்பது நீல ஒளியிலிருந்து கண்ணைக் காக்க. நீங்களும் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வது நல்லது.

ஒளி ஆழம் போகாது. வழக்கமான காம்போசிட்டில் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போதுமான அளவு சேராது. மொத்தமாக அடைத்து மேலிருந்து விளக்கடித்தால் மேல்பக்கம் இறுகி, அடி வேகாத பண்டம்போல மிருதுவாகவே கிடக்கும். அதனால்தான் அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொரு தடவையும் விளக்கடிக்கிறார்கள். 4 மில்லிமீட்டர் வரை ஒரே முறையில் இறுகும் வகைகளும் இப்போது உண்டு.

அடுக்காக வைப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுவே சுவாரசியமானது. பிசின் இறுகும்போது சுருங்குகிறது. கன அளவில் 2 அல்லது 3 விழுக்காடுதான். ஆனால் நாலு பக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்ட ஒன்று சுருங்கினால் எந்தப் பக்கமாகச் சுருங்கும்? ஒட்டைப் பிய்த்துக்கொண்டு ஓரத்தில் மயிரிழை இடைவெளி விடும், அல்லது பல்லின் சுவரையே உள்நோக்கி இழுக்கும். கொஞ்சத்தை எடுத்து ஒரு சுவரில் மட்டும் சாய்த்து வைத்து இறுக்கினால், மற்றப் பக்கம் திறந்திருப்பதால் அந்தச் சுருக்கம் யாரையும் இழுக்காமல் தீர்ந்துவிடும். பிறகு எதிர்ச் சுவரில் கொஞ்சம். இப்படிக் கட்டிக்கொண்டு வருவது பொறுமையான கைவேலை. ஒரு பல்லுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் டாக்டரைப் பார்த்து அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரம் உங்கள் பல்லுக்குள்தான் போகிறது.

கடைசியாகக் கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களைச் செதுக்கி, நிறம் ஒட்டும் காகிதத்தைக் கடிக்கச் சொல்வார்கள். அழுத்தமாகப் பொட்டு விழும் இடம் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேய்த்து இறக்குவார்கள். மரத்துப்போன வாயில் நமக்குச் சரியாகத் தெரியாது. வீட்டுக்கு வந்து, மரப்பு நீங்கியபின் அந்தப் பல் மட்டும் முதலில் இடிப்பதுபோல இருந்தால் 'பழகிடும்' என்று விட்டுவிடாதீர்கள். அரை மில்லிமீட்டர்கூட வேண்டாம், அதற்கும் குறைவான உயரமே கடிக்கும்போதெல்லாம் பல்லை இடித்து இடித்து வலியாக்கும். திரும்பப் போனால் இரண்டு நிமிட வேலை. நிறைவாக மெருகேற்றுவார்கள். சொரசொரப்பான அடைப்பில் கறையும் படலமும் சீக்கிரம் ஏறும்.

வீட்டுக்கு வந்தபின்

விளக்கடித்தபோதே அடைப்பு இறுகிவிட்டது, அமால்கம்போல ஒரு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உதடும் கன்னமும் இரண்டு, மூன்று மணி நேரம் மரத்திருக்கும். அதற்குள் சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள், சூடு தெரியாமல் சுட்டுக்கொள்வீர்கள். குழந்தைகள் மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்தே புண்ணாக்கிக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில நாட்கள், சிலருக்கு ஓரிரு வாரம், குளிர்ச்சிக்கும் கடிக்கும்போதும் லேசாகக் கூசலாம். நாளுக்கு நாள் குறைந்தால் கவலையில்லை. தானாகவே விட்டுவிட்டு வலிப்பது, படுத்தால் கூடுவது, சூடு பட்டால் நெடுநேரம் நீடிப்பது, வீக்கம் இவை வேறு சங்கதி. சொத்தை பல்கூழை எட்டியிருக்கக்கூடும். அப்போது வேர்ச் சிகிச்சை தேவைப்படலாம். அடைப்பு வைப்பதற்கு முன்பே உங்களுக்கு இப்படி வலி இருந்திருந்தால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயைவிட உங்கள் வாய்மொழி அந்த இடத்தில் அதிகம் சொல்லும்.

வலிக்காகக் கிராம்பு எண்ணெய் வைத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். அதிலுள்ள யூஜினால் பிசின் இறுகுவதைத் தடுக்கும். தற்காலிக அடைப்புகள் பலவற்றிலும் இதே யூஜினால் இருப்பதால், காம்போசிட் வைக்குமுன் டாக்டர்கள் அதை முழுக்கச் சுத்தம் செய்கிறார்கள்.

எல்லாக் குழிக்கும் இது பொருந்துமா?

இல்லை. ஈறுக்குக் கீழே இறங்கிய சொத்தை, என்ன செய்தாலும் ஈரமும் ரத்தமும் கசியும் இடம், அசையாமல் உட்கார முடியாத குழந்தை, இங்கெல்லாம் காம்போசிட்டைக் காட்டிலும் கிளாஸ் அயனோமர் கைகொடுக்கும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கிய பொருள் அது. பல்லிலுள்ள கால்சியத்தோடு நேரடியாக வேதிப்பிணைப்பு கொள்ளும், கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஃபுளோரைடையும் வெளியிடும். பலம் குறைவு, பளபளப்பும் குறைவு. இதுவும் பல் நிறம்தான் என்பதால் 'எனக்கு வச்சது எது?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பல்லின் பெரும்பகுதி போய், மெல்லிய சுவர்கள் மட்டும் நிற்கும்போது அடைப்பு என்ற பேச்சே சரிவராது. அந்தச் சுவர்கள் பிளந்துவிடும். பல்லின் மேட்டையும் மூடும்படி வெளியே செய்துவந்து ஒட்டும் பீங்கான் துண்டோ, முழு உறையோ தேவைப்படும்.

ஹார்மோன்களைப் பாதிக்கலாம் என்று அஞ்சப்படும் பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் காம்போசிட்டில் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. பிசினின் மூலப்பொருள் அந்த வகையைச் சேர்ந்ததால், வைத்த புதிதில் மிகச் சிறிய அளவில் வெளிப்படக்கூடும். நன்றாக விளக்கடித்து இறுக்குவதும், கடைசியில் மேற்பரப்பில் ஒட்டும் பிசுபிசுப்பைத் துடைத்து வாய் கொப்பளிப்பதும் அதை மேலும் குறைக்கும். அந்தப் பிசின் வகையே இல்லாத காம்போசிட்டுகளும் கிடைக்கின்றன. இந்தப் பயத்தால் சொத்தையை அடைக்காமல் விடுவது மட்டும் சரியான கணக்காகாது.

எத்தனை நாள் வரும்?

ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. நல்ல முறையில் வைத்த அடைப்பு பத்து வருடம் தாண்டியும் இருக்கும், மூன்று வருடத்தில் போவதும் உண்டு. மறைக்காமல் சொல்வதானால், கடைவாய்ப் பற்களில் காம்போசிட் அமால்கத்தைவிடக் கூடுதலாகப் பழுதாகிறது, ஓரத்தில் மறுபடி சொத்தை வருவதும் அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. பெரிய குழிகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஒட்டுவேலையில் பிழைக்கு இடம் அதிகம் என்பதே இதன் பொருள். குழி சின்னதாக, சுற்றிலும் எனாமல் ஓரம் முழுசாக இருக்கும்போது ஒட்டு உறுதியாகப் பிடிக்கும், சுருக்கமும் குறைவு. டாக்டரிடம் சீக்கிரம் போனால் கிடைக்கும் பலன் இங்கேதான். பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும், அடிக்கடி இனிப்பு சேர்ப்பவர்களுக்கும் ஆயுள் குறையும். அடைப்புக்குச் சொத்தை வராது. அதைச் சுற்றியுள்ள பல்லுக்கு வரும். ஃபுளோரைடு பற்பசையும் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலும் அடைத்த பல்லுக்குத்தான் இன்னும் கூடுதலாகத் தேவை.

ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் உடனே அடைப்பு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். காபி, தேநீர், புகையிலைக் கறை மேலோட்டமாக இருந்தால் மெருகேற்றினாலே போய்விடும். நாக்கில் கூராக இடித்தாலோ, நூல் அங்கே மட்டும் கிழிந்து வந்தாலோ, இடுக்கில் புதிதாக உணவு சிக்கினாலோ காட்டிவிடுங்கள்.

அப்போது ஒன்றைக் கேட்கலாம். பழைய முறையில் அடைப்பில் சிறு குறை வந்தாலும் மொத்தத்தையும் தோண்டி எடுத்து, இன்னும் பெரிதாக ஒன்று வைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் பல் கொஞ்சம் குறையும். காம்போசிட் அப்படியில்லை. பழைய அடைப்பின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, ஒட்டுதிரவம் தடவி, உடைந்த மூலையில் மட்டும் புதிதாகச் சேர்க்க முடியும். என் மூன்றாவது அடைப்பின் ஓரம் போன வருடம் சில்லு பெயர்ந்தபோது, "முழுசையும் எடுக்கணுமா டாக்டர், போன இடத்தை மட்டும் சேர்க்க முடியுமா?" என்று கேட்டேன். எக்ஸ்ரே பார்த்தார், ஊசிமுனைக் கருவியால் ஓரமெல்லாம் தட்டிப் பார்த்தார், அடியில் சொத்தை இல்லை. ஊசிகூடப் போடாமல் இருபது நிமிடத்தில் அந்தச் சில்லை மட்டும் கட்டித் தந்தார்.